நாலரை வோல்ட்

மறுபடி விழுந்து எழுந்திருக்கிறது.
பச்சை விளக்கு மூன்று முறை சிமிட்டிவிட்டு
ஒன்றும் நடக்காதது போல் நிற்கிறது.
உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு,
பக்கத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்க்,
பிஸ்கட் டின்னில் நானே துளை போட்டு
உட்கார வைத்த சர்வர்.
மோல்மீன் தமிழர் வீட்டுக் கல்யாணங்களைக்
கேசட்டிலிருந்து பெயர்த்தெடுத்து
அதில்தான் வைத்திருக்கிறேன்,
முப்பது வருஷத்துத் தாலிகள்.

லாகைத் திறந்தால்
ஒரு வரி பாதியில் அறுந்து கிடக்கும்.
அடுத்த வரி பிறப்பு.
எதனால் செத்தோம் என்று
எழுதிவைக்கும் பழக்கம் அதற்கில்லை.

முதலில் சூடு என்று நினைத்தேன்.
டின் மூடியைக் கழற்றி விசிறி வைத்தேன். விழுந்தது.
மெமரி கார்டை மாற்றினேன். விழுந்தது.
அடாப்டரில் மூன்று ஆம்பியர் என்று அச்சடித்திருந்தது,
அது அவர்களுடைய வேண்டுதல் போலும்.
புதிது வாங்கினேன், ஐந்து நாள் நின்றது.
ஆறாம் நாள் ராத்திரி
எனக்கே தெரியாமல் விழுந்திருக்கிறது.

கரண்ட் என்று சொல்லவும் வழியில்லை.
நாலு மணி நேரம் வந்து எட்டு மணி நேரம் போகும் ஊர்.
வரும்போது தெருப்பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து
மீ லா பீ என்று பர்மாவில் கூவும்.
ஆனால் டின் இருப்பது பேட்டரியில்.
ஊர் இருண்டாலும் அதற்குத் தெரியாது.

இன்னொரு வம்பு:
போர்டுக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது.
இணையம் இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளும்,
இணையம் இருந்தால்.
இல்லாத நாளில்
கடைசியாய் ஞாபகத்தில் இருந்த நேரத்தையே
இப்போது என்று நம்பி வேலையைத் தொடங்கிவிடும்.
எனக்குச் சித்திரை பிறந்துவிட்டது.
அதற்கு இன்னும் மாசி.

அதனால் ஆணியில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டேன்.
கடைக்குப் பின்னால்தான் படுக்கை,
நடுவில் பலகைச் சுவர்.
விழும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும்.
புதன் பதினொன்று இருபது.
வெள்ளி பதினொன்று நாற்பது.
சனி இல்லை.
ஞாயிறு பதினொன்று பத்து.
கண்டபடி விழுகிறது என்று
ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான்.

இரண்டாவது டிஸ்க் எப்போதும் தூங்கும்.
பணம் கட்டாமல் போனவர்கள், தாய்லாந்துக்குப் போனவர்கள்,
பிரிந்துவிட்டு இனி எதற்கு என்றவர்கள்,
வாங்க ஆள் வராத கல்யாணங்கள் அதில்.
தூங்குகிற டிஸ்கை எழுப்ப
முதல் நொடியில் ஒரு வாய் கரண்ட் கூடுதலாய் வேண்டும்.
மீட்டரைப் பிடித்துக்கொண்டு நானே எழுப்பிப் பார்த்தேன்.
மெலிந்த ஒயர், ஐந்து வோல்ட் நாலரையாகிறது,
போர்டுக்கு மயக்கம்.

சரி. ராத்திரி பதினொரு மணிக்கு
யார் எழுப்புவது?

அறுந்த வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாய் வைத்தேன்.
நேரம் பொய், பெயர் பொய்யில்லை.
எல்லாவற்றிலும் ஒரே கோப்பு:
அஞ்சுகம் கல்யாணம், 96, மூன்றாவது கேசட்.

பந்தி. வாழை இலைகள். நெரிசல்.
ரசவாளியோடு வருகிறான் என் கொழுந்தன் தனக்கோடி,
மீசை முழுதாய் இறங்காத வயது.
மாப்பிள்ளை பெண் இலைக்கு வந்ததும்
ஊற்றுகிறான், ஊற்றுகிறான்,
ரசம் இலையைத் தாண்டி ஓடுகிறது,
அவள் கையை நீட்டித் தடுத்துச் சிரிக்கிறாள்.
நாலு நொடி.
காமிரா அப்பளத்துக்குப் போய்விடுகிறது.

தினம் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது
சரியாச்சா மதினி என்று கேட்பவனும் இவன்தான்.
சர்வர் எழுந்துவர இரண்டு நிமிஷம் ஆகும்.
போனைப் பிடித்தபடி
மாடியில் இருட்டில் காத்திருந்திருப்பான்.

கார் பேட்டரிக் கடையில்
தடித்த செம்பு ஒயர் ஒரு முழம் வாங்கினேன்.
டிஸ்குகளுக்குத் தனி லைன் இழுத்தேன்.
கோளாறு அதோடு தீர்ந்தது.
இருந்தாலும் உட்கார்ந்து
இரண்டாவது டிஸ்க் இனித் தூங்க வேண்டாம் என்று
ஒரு கட்டளை எழுதிவைத்தேன்.
பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், இறங்கட்டும்.

என்னதான் கோளாறு மதினி என்றான்.
ஒயர் மெலிசு என்றேன்.
ஓ, ஒயரா என்று
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

இன்றோடு பதினேழு நாள். விழவில்லை.
பதினோரு மணிக்கு
எனக்கு விழிப்புத் தட்டுவதுதான் இன்னும் நிற்கவில்லை.